அப்பா வராத தெரு

ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

எலி எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கால் வீக்கம் வடிந்ததா? இஸ்திரி மேசை முன்னால் இப்படியே நின்றால் யானைக்கால் வந்து தும்பிக்கையும் முளைக்கும் என்று எழுதியிருந்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் கடிதம் நோட்டுக்கடை மாமாவின் விலாசத்துக்குப் பத்திரமாக வந்தது. கடையில் ஆள் இருந்தால் ரப்பர் வாங்குவதுபோல வரச் சொல்லியிருக்கிறார். அப்படி வாங்கி வாங்கி என்னிடம் ஆறு ரப்பர் சேர்ந்துவிட்டது. நேற்று அப்பா என் பெட்டியைத் திறந்து பார்த்து, "இத்தனை ரப்பர் எதுக்கு? அவ்வளவு தப்பா பண்றே?" என்றார்.

உன் கம்பெனி ஜனவரியில் இங்கே கிளை திறக்கிறது, நீயும் வந்துவிடுவாய், பள்ளி விட்டதும் நான் உன் அறைக்கு வந்து ஒரு மணி நேரம் உட்காரலாம் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் தாள் மடிந்து மடிந்து கிழிந்தே போய்விட்டது. உன்னை இந்த ஊரில் கண்டால் காலை உடைப்பேன் என்று அப்பா சொன்னதை அவரும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. அதனால் அவர் வராத தெருவாகப் பார்க்கச் சொல்கிறாய்.

அக்கா, ஊரெல்லாம் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர் வராத தெரு எங்கே இருக்கும்? நீ போன பிறகு அவருடைய ஃபேர் நோட்டு என் கைக்கு வந்துவிட்டது. அவர் தெருவில் கிறுக்கிக்கொண்டு வருவதை நான் மாலையில் அழகாக எழுதிவைக்க வேண்டும். நாற்பத்தொரு தெரு. நான் கால் வைக்காத தெருவில்கூட எந்த வீட்டில் நாய், எந்த வீட்டில் கசிவு, எது பூட்டிக் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வேறு ஆள் போகிறார். ஆனால் பள்ளி விட்டு அங்கே போய், அப்பா வரும் ஆறு மணிக்குள் வீடு திரும்ப முடியாது.

உன்னோடு வேலை செய்கிறவர் சொன்ன ரொட்டிக்கடைத் தெரு மட்டும் நோட்டில் இல்லை. போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அப்பாவின் மீட்டர் டார்ச்சை வைத்துப் போர்வைக்குள் எழுதுகிறேன். வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
எலி


ஜூன் 22

என் எலிக்குட்டிக்கு,

அக்கா சுகம். நீ சாப்பிடுகிறாயா? உன் கடிதத்தில் அது மட்டும் இல்லை.

இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்த்ததில் கண் சொருகுகிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். எட்டுப் பேர் அறையில் விளக்கணைத்துவிட்டார்கள். கழிப்பறை விளக்கில் உட்கார்ந்திருக்கிறேன். நம் இரண்டு பேருக்கும் விளக்கு ராசி அப்படி.

ரொட்டிக்கடைக்கு மேலே ஒரு மாடியறை வாடகைக்கு இருக்கிறதாம், பார். அதைவிட முக்கியமாக மீட்டரைப் பார். பக்கத்தில் ஒரு அட்டை தொங்கும். அதில் மாதா மாதம் எண் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். யார் எழுத்து என்று உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டார்ச்சை எடுத்த இடத்திலேயே வை, மூடி எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அந்தப் பக்கமாக. அவர் கவனிப்பார்.

அன்புடன்
அக்கா


ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சாப்பிடுகிறேன். நீயும் இரண்டு ஷிப்டு வேண்டாம் என்று சொல்லிவிடு.

ரொட்டிக்கடைத் தெரு சின்னத் தெரு. ஒரு முனையில் நின்று தும்மினால் மறுமுனையில் கேட்கும். நடுவில் ரொட்டிக்கடை. அடுப்பின் பின்சுவர் தெருவைத் தொட்டுக்கொண்டு நிற்பதால் அந்த இடத்தில் நடைபாதை வெதுவெதுப்பாக இருக்கிறது. இரண்டு பூனைகள் அதற்கு வாடகை கொடுப்பதுபோல உரிமையோடு படுத்திருந்தன. எல்லா வீட்டிலும் ஜன்னல் திறந்திருக்கிறது. யாரோ திட்டுகிறார்கள், யாரோ திருப்பித் திட்டுகிறார்கள், உடனே இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். அப்படித் திட்டு வாங்கினால் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கடைக்கார அம்மா பெரிய உடம்பு, முழங்கை வரை மாவு. மாடியில் அறை இருக்கிறதா என்றேன். "இருக்கு, போய்ப் பாரு. ஏறுறப்போ தலையைக் குனி. போன வருஷம் இருந்த ஆளுக்கு அங்கதான் தினம் நெத்தி வீங்கும்" என்றார்.

மாடிப்படிக்குக் கீழே இருட்டில் மீட்டர் இருந்தது. அட்டையைத் திருப்பினேன். அப்பாவின் எழுத்து. ஆறு மாதத்துக்கும் அவர் எழுத்து. ரொட்டிக்கடைத் தெரு என்பது ஊர் வாய்க்குத்தான், அட்டையிலும் நோட்டிலும் இது மூன்றாம் குறுக்குத் தெரு. நான் ஒவ்வொரு மாதமும் எழுதுகிற தெருதான். கடைக்கார அம்மா பின்னாலேயே வந்தார்.

"என்ன பாக்குறே? நம்ம மீட்டர்காரர் எழுத்து. முத்து முத்தா இல்ல? தங்கமான மனுஷன். எங்க குழாய்ல ஒழுகுதுன்னு அவரே வாஷர் வாங்கிட்டு வந்து மாத்திட்டுப் போனாரு."

"எங்க அப்பா" என்றேன். என் வாய் என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டது அக்கா. கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அந்த அம்மா கையைத் துடைத்துவிட்டு என் கன்னத்தைக் கிள்ளி ஒரு பன் கொடுத்தார். சூடாக இருந்தது. வீட்டுக்குப் போகும் முன் தின்று முடித்து வாயைக் கழுவிக்கொண்டேன்.

இந்தத் தெரு வேண்டாம். வேறு பார்க்கிறேன்.

எலி


ஜூலை 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய்.

எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். பதினேழாம் தேதி அப்பா மூன்றாம் குறுக்குத் தெருவுக்குப் போயிருந்தார். கடைக்கார அம்மா நான் வந்துபோனதைச் சொல்லியிருக்கிறார். பாராட்டித்தான் சொல்லியிருக்கிறார். அப்பா ஒரு பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்து, "உனக்குக் குடுத்தாங்க" என்று மேசையில் வைத்தார். செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

தெருத் தெருவாகச் சுற்றுகிறேனா என்பதுதான் அவர் கேள்வி. பன் தின்ன ஆசையாக இருந்தது, அதனால் போனேன் என்றேன். உன்னைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. மாடியறையைப் பற்றி அந்த அம்மா பேச்செடுக்காமல் இருந்தது என் நல்ல நேரம்.

வாசல் படியில் விழுந்து வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. அதனால் இடது கையால் எழுதுகிறேன். ஃபேர் நோட்டை இந்த வாரம் அப்பாவே எழுதிக்கொள்கிறார்.

எலி


ஆகஸ்ட் 4

எலி,

நம் வீட்டு வாசலில் படி ஏது? மழை பெய்தால் தண்ணீர் நேராக உள்ளே வந்து நலம் விசாரிக்குமே.

அந்த இல்லாத படியில் நானும் விழுந்திருக்கிறேன். என் முன்பல்லில் பாதி அங்கேதான் கிடக்கிறது. அதனால் என்னிடம் படிக்கதை வேண்டாம்.

கையை யாரிடமாவது காட்டினாயா? பள்ளியில் கேட்கவில்லையா? இனி நீ தெரு பார்க்க வேண்டாம். பள்ளி விட்டால் வீடு. நான் வேறு வழி யோசிக்கிறேன். யோசிக்கிறேன் என்று எழுதுகிறேனே தவிர, இந்த மேசையில் நின்றால் சட்டைக் காலரைத் தவிர வேறெதுவும் யோசிக்க வருவதில்லை.

கைக்கு எண்ணெய் போடாதே. அசைக்காமல் கட்டிவை.

அக்கா


செப்டம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கால் எப்படி இருக்கிறது? என் கை தேவலை. வலது கையால்தான் எழுதுகிறேன், பார். டப்பா மூடி திறக்கத்தான் வரவில்லை.

கோபித்துக்கொள்ளாதே. நீ வேண்டாம் என்றாய், நான் பார்த்தேன். எங்கேயும் நிற்காமல், யாரோடும் பேசாமல், தினம் ஒரு வழியாக வீட்டுக்கு நடக்கிறேன், அவ்வளவுதான். அச்சகத் தெருவில் இயந்திரம் ஓடும்போது தரை நடுங்குகிறது. தேநீர்க் கடைக் கண்ணாடித் தம்ளர்கள் பல் நடுங்குவதுபோலக் கிடுகிடுக்கின்றன. அந்தத் தெருவில் நான் நடுங்கினால் யாருக்கும் தெரியாது. கண்ணாடிக்கடைத் தெருவில் கடைக்குக் கடை நிலைக்கண்ணாடி சாய்த்து வைத்திருக்கிறார்கள். நான் ஒருத்தி நடந்தால் நாற்பது பேர் கூட வருகிறார்கள். நாற்பது பேருக்கும் ஒரே முகம், பயந்த முகம். ஓடி வந்துவிட்டேன். ஆஸ்பத்திரித் தெருவில் எல்லார் கையிலும் ஃபிளாஸ்க், எல்லாரும் தூங்காதவர்கள். அங்கே உன்னைப்போல ஒருத்தியைப் பார்த்தேன். அது நீ இல்லை.

எல்லா வாசலிலும் அந்த அட்டை தொங்குகிறது. எல்லாவற்றிலும் முத்து முத்தாக எழுத்து. ஊருக்கே அவர் பூட்டுப் போட்டு வைத்திருப்பதுபோல இருக்கிறது. எனக்குக் கால் வலிக்கிறது அக்கா. பதினைந்து வயதில் இப்படி வலிக்கலாமா?

ஆனால் ஒன்று கிடைத்துவிட்டது. சாயப்பட்டறைக்குப் பின்னால் குட்டைத் தெரு. நோட்டில் இல்லை. வேறு பெயரிலும் இல்லை, இந்த முறை நன்றாகப் பார்த்துவிட்டேன். அங்கே எந்த வீட்டிலும் குழாயே கிடையாது! குழாய் இல்லை, அதனால் மீட்டர் இல்லை, அதனால் அப்பாவும் இல்லை. தெருமுனையில் ஒரே பொதுக்குழாய். நாற்பது குடம் வரிசையில் நிற்கிறது. வரிசையைக் கட்டி மேய்க்கிறவருக்கு லைன் அக்கா என்று பெயர். தெரியாமல் வரிசை ஓரம் நின்றுவிட்டேன்.

"ஏம்மா, குடம் இல்லாம லைன்ல நிக்கிற மொத ஆளு நீதான். வாயில புடிச்சிட்டுப் போகப்போறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடைசி வீட்டில் ஒரு அறை காலியாம். சாய நாற்றம் உண்டு, கொசு உண்டு, ஓடு ஒழுகும். யாரும் என்னை யார் மகள் என்று கேட்கவில்லை.

எலி


அக்டோபர் 5

என் எலிக்குட்டிக்கு,

சொன்ன பேச்சைக் கேட்காத கழுதை நீ. அந்த அறை போதும். லைன் அக்காவிடம் சொல்லிவை. ஜனவரி முதல் வாரம் வருகிறேன். சூப்பர்வைசரிடம் பெயர் கொடுத்துவிட்டேன்.

குடம் சுமப்பதற்கெல்லாம் நான் பயப்பட மாட்டேன். கொசு என்னைக் கடித்தால் அதற்குத்தான் நஷ்டம், உடம்பில் ஒன்றுமில்லை.

நீ வந்து உட்கார ஒரு பாய் வாங்கி வைத்திருக்கிறேன். அதைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, படுக்கும்போது ஒரு தடவை காலால் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

உடம்பு முக்கியம். படிப்பு அதற்கு அடுத்தது.

அக்கா


நவம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமா? நான் சுகம்.

நேற்று மாலை அப்பா ஃபேர் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, கோடு போடச் சொன்னார். ஆறு கட்டம், வழக்கம்போல. அளவுகோலை வைத்த பிறகுதான் மேலே தலைப்பைப் பார்த்தேன். குட்டைத் தெரு என்று எழுதியிருந்தது.

"குழாய் போடுறாங்க. அடுத்த மாசம் முடிஞ்சுடும். பாவம், அந்த ஜனங்க எத்தனை வருஷமா குடம் தூக்குறாங்க" என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். அவர் முகம் அப்படி இருந்து நான் பார்த்து நாளாயிற்று. கோடு கோணிவிட்டது. ரப்பரை எடுத்தேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று பள்ளி விட்டதும் போனேன், தெரு முழுக்கப் பள்ளம். பள்ளத்தின் மேல் பலகை போட்டு நடக்கிறார்கள். பிள்ளைகள் குழாய்க்குள் தலையை விட்டுக் கத்துகிறார்கள். லைன் அக்கா, "எங்கூட நீயும் ரிட்டயரு ஆகப்போறே" என்று பொதுக்குழாயைத் தட்டிக் கொடுத்தார். தெருவே கல்யாண வீடு மாதிரி இருந்தது. நான் மட்டும் சுவரோரமாக நின்று அழுதேன். லைன் அக்கா வந்து, "சந்தோஷத்துல அழுவுறியாடி" என்று என்னைக் கட்டிக்கொண்டார்.

நான் என்ன செய்யட்டும்? உடனே எழுது.

எலி


டிசம்பர் 10

அக்கா,

சுகமா? பதில் இல்லை. நோட்டுக்கடை மாமா என்னைப் பார்த்ததும் இல்லை என்று தலையாட்டி, ஒரு ரப்பரை அவரே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்.

டார்ச் பேட்டரி ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று அப்பா இரண்டு முறை கேட்டுவிட்டார். முழுப் பரீட்சை முடிந்ததும் பள்ளி போதும், வீட்டைப் பார்த்துக்கொள் என்றும் சொல்லிவிட்டார். பகல் முழுக்கவும் வீட்டில்.

வர முடியாது என்றால் வர முடியாது என்று எழுதிவிடு. நான் தாங்கிக்கொள்வேன். இதை எழுதி முடிக்கும்வரை வெளிச்சம்

எலி


டிசம்பர் 20

என் எலிக்குட்டிக்கு,

காய்ச்சலில் கிடந்தேன். இப்போது எழுந்துவிட்டேன், பயப்படாதே. படுத்தபடி உன் கடிதங்களை வரிசையாக வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். வேறு வேலை இல்லாமல் படித்ததால்தான் இது புரிந்தது.

அவர் எந்தத் தெருவிலாவது குரலை உயர்த்தியதாக நீ எழுதியிருக்கிறாயா? இல்லை. நாய் உள்ள வீட்டில்கூட இல்லை. வாஷர் மாற்றுகிறார், குடம் தூக்குகிறவர்களுக்காக வருத்தப்படுகிறார். அதெல்லாம் நடிப்பு என்று நான் நினைத்திருந்தேன். இல்லை, அங்கே அவர் அப்படித்தான். கதவைச் சாத்திய பிறகுதான் வேறு ஆள்.

நாம் இரண்டு பேரும் அவர் வராத தெருவைத் தேடினோம். அவரைத் தெரியாத தெருவில் ஒரு நாள் வந்து நின்றால், அவர் யார் என்றே யாருக்கும் தெரியாது. அப்பன் மகளை இழுத்துக்கொண்டு போகிறான் என்று வழிவிடுவார்கள். அவரைத் தங்கம் என்று சொல்கிற தெருவில் அவர் அதைச் செய்ய மாட்டார். அந்தத் தங்கத்தில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது அவர் பாடு.

ரொட்டிக்கடை அம்மாவிடம் போ. மாடியறை இன்னும் இருக்கிறதா என்று கேள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து போக இல்லை, என்னோடு இருக்க. எந்தப் படியில் விழுந்தாய் என்பதையும் சொல். உனக்குப் பயமாக இருக்கும். எனக்கும் இதை எழுதப் பயமாகத்தான் இருக்கிறது.

அக்கா


ஜனவரி 7

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் திரும்ப வரவில்லையே?

போனேன். கடைக்கு முன்னால் நான்கு முறை நடந்தேன். பூனைகளுக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. உள்ளே போய்க் கூட்டம் குறையும்வரை நின்று, அப்பா கதவைச் சாத்தியதையும் என் மணிக்கட்டையும் சொன்னேன். எப்படித் தொடங்கினேன் என்று ஞாபகம் இல்லை.

"யாரு, அவரா? சும்மா சொல்லாதே" என்றார். கோபமாகத்தான் சொன்னார். கொஞ்ச நேரம் மாவைப் பிசைந்தார். பிறகு, "அந்த பிஸ்கட் ஜாடியைத் திற" என்றார்.

வலது கையை வைத்துப் பார்த்தேன், மூடி திரும்பவில்லை. இடது கைக்கு மாற்றினேன்.

"எப்போ?"

"ஜூலை பதினேழு."

அவர் மாவிலிருந்து கையை எடுக்கவேயில்லை. "அன்னைக்கு நான்தானே சொன்னேன். பன்னும் குடுத்தனுப்பினேன்" என்றார். பிறகு திடீரென்று, "என்னடி இது, முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்று என்னைத் திட்டினார். அந்தத் தெருவில் திட்டுவதுபோலத் திட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாடியறைச் சாவியைக் கொடுத்தார். மாடிப்படிக்குக் கீழே இருட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "நாளைக்குக் குழாய்க்காரனைக் கூப்பிடணும்" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

நீ இருபத்தைந்தாம் தேதி வா. நான் பள்ளிப் பையோடு வருகிறேன். புத்தகம் மட்டும்தான் எடுப்பேன். பாயை மறந்துவிடாதே.

எலி


ஜனவரி 28, பகல்

அப்பாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

மாற்றுக் கண்ணாடி அலமாரியில் இரண்டாம் தட்டில் இருக்கிறது. ஃபேர் நோட்டை 24ஆம் தேதிவரை எழுதி முடித்துவிட்டேன். குட்டைத் தெருப் பக்கத்தில் கோணிய கோட்டை அழித்து நேராகப் போட்டிருக்கிறேன். டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டு, மூடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். ரப்பர் பதினொன்றும் பெட்டியில் இருக்கின்றன. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவோடு மூன்றாம் குறுக்குத் தெருவில், ரொட்டிக்கடை மாடியில் இருக்கிறேன். தினமும் பள்ளிக்குப் போகிறேன். எங்கே என்று நீங்கள் யாரிடமும் விசாரிக்க வேண்டாம் என்பதற்காகத்தான் நானே எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்தவர்கள்தான் எல்லாரும். எங்களை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள்.

அடுத்த மாதம் பதினேழாம் தேதி நீங்கள் இந்தத் தெருவுக்கு வருவீர்கள். மாடிப்படிக்குக் கீழே இருந்த மீட்டரை இப்போது குழாய்க்காரரை வைத்து இடம் மாற்றிவிட்டார்கள். வாசலுக்கு வெளியே, வலது பக்கச் சுவரில், உங்கள் நெஞ்சுயரத்தில் இருக்கிறது. வெயில் நேராக விழுவதால் டார்ச் வேண்டியதில்லை. அட்டையும் அங்கேயே தொங்குகிறது. நீங்கள் குனிய வேண்டாம், கதவைத் தட்ட வேண்டாம். நின்றபடியே பார்த்து எழுதிவிட்டுப் போகலாம்.

இப்படிக்கு
மகள்